மூன்றாவது தட்டு

விடியற்காலை சுபுஹு பாங்குக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ருவைஷித் ஊரைத் தாண்டிப் போகும் பாக்தாத் சாலை. இரண்டு பக்கமும் கருங்கல் வெளி. ஒரு லாரி போனால் அடுத்த லாரி வர அரை மணி ஆகும். அந்தச் சாலையோரமாக ஒரு மனிதன் நடந்துகொண்டிருந்தான். தோளில் சாக்குப் பை. பைக்குள் ஏதோ ஒன்று அவ்வப்போது... குர்ர்... குர்ர்...

பயப்படாதீர்கள். அது புறாதான்.

இன்னும் கிட்ட வந்து உட்காருங்கள். சின்னவளுக்கும் போர்வையை இழுத்து விடுங்கள், காற்று உள்ளே வருகிறது. இது நம் ஃபஹ்தாவின் சித்தப்பாவுக்கு நடந்தது. பெயர் ஷல்லாஷ். அவன் மனைவி வத்ஹா ஃபஹ்தாவிடம் சொன்னாள், ஃபஹ்தா என்னிடம் சொன்னாள். நான் எதையும் கூட்டவில்லை. கூட்டத் தேவையும் இல்லை.

ஷல்லாஷ் வல்லூறு பிடிக்கிறவன். எல்லைக்கு அந்தப் பக்கம், சிரியாவின் வறண்ட வெளியில், அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. கோடை இறங்கி வடக்கிலிருந்து பறவைகள் வரும் நாட்களில், வளைகுடாக்காரர்கள் வண்டி போட்டுக்கொண்டு வந்து அவன் கூடாரத்து வாசலில் காத்துக் கிடப்பார்கள். எந்த மேடு யாருடையது என்று அங்கே யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஷல்லாஷின் மேட்டில் வேறொருவன் குழி தோண்ட மாட்டான்.

பிறகு சண்டை வந்தது. அவனும் வத்ஹாவும் கரையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார்கள்.

கரை என்றால் என்ன... இரண்டாள் உயரத்துக்கு ஒரு மண் வரப்பு. அதற்கு இந்தப் பக்கமும் அதே கல், அதே முள், அதே வானம். காலையில் அங்கே எழும்பும் வல்லூறு மத்தியானம் இங்கே வட்டமிடும். அதை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. ஷல்லாஷைக் கேட்டார்கள். துப்பாக்கியைக் கரையிலேயே வாங்கிக்கொண்டார்கள். பறவை பிடிக்கச் சீட்டு வேண்டும் என்றார்கள், சீட்டு ஊர்க்காரனுக்குத்தான் என்றார்கள். மேடுகளுக்கெல்லாம் இங்கே வேறு குடும்பங்கள் இருந்தன. இறங்கி நடந்த அந்தப் பத்தடியில் அவன் வேட்டைக்காரன் இல்லையென்று ஆகிவிட்டான். ஏழு வருஷமாக அபூ ராக்கானின் கோழிப்பண்ணையில் எரு வாரிக்கொண்டிருந்தான்.

அந்த வாரம் அபூ ராக்கான் வீட்டுக்கு வளைகுடாவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். நல்ல வல்லூறு ஒன்று வேண்டும், அதைப் பழக்கக் கை தெரிந்த ஆளும் வேண்டும். "பறவையோட வா. உனக்கும் உன் வீட்டுக்காரிக்கும் விசா, காகிதம் எல்லாம் என் பொறுப்பு" என்று ஷல்லாஷிடமே சொன்னார். வியாழக்கிழமை கிளம்புகிறார்.

விருந்தாளி நகர்ந்ததும் அபூ ராக்கான் பல்லைக் குத்திக்கொண்டே சிரித்தார்.

"கேட்டியா ஷல்லாஷ், அவரு பறவைக்கெல்லாம் பாஸ்போர்ட் இருக்காம். போட்டோ ஒட்டினது. உனக்கு என்ன இருக்கு?"

"கை இருக்கு முதலாளி."

"கரைக்கு அந்தப் பக்கம் நீ சிங்கம்ப்பா, யாரு இல்லேன்னா? இந்தப் பக்கம் என் கோழிக்குத் தீனி போடற ஆளு. பிடிக்கணும்னா பிடிச்சுக்கோ. சீட்டு என் பேர்ல இருக்கு, பறவையும் என் பேர்லதான் போகும். காவல்காரன் கிட்ட மாட்டினா உன்னை எனக்குத் தெரியாது."

"சரி முதலாளி."

"கோழி நாத்தம் அடிக்கிற கையில வல்லூறு உட்காருமாடா?"

ஷல்லாஷ் வெளியே வந்து கையை முகர்ந்து பார்த்தான். அடித்தது.

இந்த வேட்டையில் இரண்டு பேர் வேண்டும். ஒருவன் குழிக்குள் மல்லாந்து படுப்பான். மேலே சாக்கு, சாக்கின் மேல் முள், முள்ளின் மேல் மண். ஒரு கை நுழையும் ஓட்டை மட்டும். ஓட்டை வழியாக ஒரு கயிறு, கயிற்றின் முனையில் புறா. வல்லூறு இறங்கிப் புறாவைக் கொத்தத் தொடங்கியதும், குழிக்காரன் கயிற்றை விரல் விரலாக இழுப்பான். இரையை விட மனசில்லாமல் பறவையும் கூடவே வரும். கைக்கு எட்டியதும்... காலைப் பிடிக்க வேண்டியதுதான். இருமல் வரக்கூடாதென்று குழிக்காரன் வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொள்வான்.

மற்றவன் மேலே, கல் மறைவில், கையில் தடியோடு இருப்பான். ஒரு தட்டு என்றால் பறவை கண்ணில் பட்டது. இரண்டு தட்டு என்றால் பறவை கிட்டே வந்துவிட்டது, மூச்சு விடாதே. மூன்று தட்டினால்தான் வெளியே வரலாம். மூன்று தட்டும் வரை குழிக்காரன் எழுந்திருக்கக் கூடாது. தேள் கொட்டினாலும் கூடாது.

கரைக்கு அந்தப் பக்கம் இருந்த வரை, குழிக்குள் படுத்தவன் வத்ஹாவின் தம்பி மிஜ்வல். மேலே நின்றவன் ஷல்லாஷ்.

கிளம்புவதற்கு முன்னால் அடுப்படியில் வத்ஹா கேட்டாள்.

"குழிக்குள்ள நீங்க. சரி. மேல யாரு?"

"யாரும் இல்ல. சீட்டு இல்லாதவன் கூட எவன் வருவான்?"

"அப்ப தட்டறது யாரு?"

"தட்டாமலே வந்துடறேன்."

"என் தம்பி இருந்தா தட்டியிருப்பான்" என்றாள். ஷல்லாஷ் புறாவின் காலில் முடிச்சைத் திரும்பத் திரும்ப இறுக்கினான். அவளிடம் அவன் சொல்லி வைத்திருந்தது இதுதான்: ஆயுதக்காரர்கள் மிஜ்வலைச் சுட்டுவிட்டார்கள். நானே என் கையால் மேட்டின் மேல் குழி வெட்டி, முகத்தைத் தொழும் திசையான கிப்லா பக்கம் திருப்பி வைத்து மூடினேன்.

"கண்ணு தைக்க நூல் கொடு" என்றான் பேச்சை மாற்ற. பிடித்த பறவை மிரளாமல் இருக்க, கீழிமையில் நூல் கோத்து இழுத்து உச்சந்தலையில் முடிவது அவர்கள் வழக்கம்.

"நூலா... மஞ்சளும் கறுப்பும் முறுக்கின கடைசிச் சுருளை நாம கரை தாண்டின அன்னிக்குக் காலையில தம்பி பையில போட்டேன். அதுக்கப்புறம் நான் முறுக்கலையே. கடை நூல் இருக்கு, எடுத்துக்கிட்டுப் போங்க."

இப்போது அந்தச் சாலைக்கு வாருங்கள். பழைய எண்ணெய்க் குழாய் சாலையைக் குறுக்கே கடக்கும் இடத்தில் இறங்கி, எல்லைக் கரைக்கு முன்னால் இருக்கும் ஓடைப் பள்ளத்தில் அவன் குழி தோண்டினான். எந்தக் குடும்பமும் உரிமை கொண்டாடாத இடம். காவல்காரர்கள் பார்த்தால் கேட்காமலே சுடக்கூடிய இடம். புறாவைக் கட்டினான். கிராம்பை வாயில் போட்டான். படுத்து, முள்ளைத் தன் மேலேயே இழுத்து மூடிக்கொண்டான்.

ஈர மண் வாசனை. சாக்கில் கோழித் தீவன வாசனை. ஓட்டை வழியாக ஒரு துண்டு வானம், சாம்பல் நிறத்தில்.

புறா ஒருமுறை சிறகடித்தது. அடங்கியது.

அப்போது... தலைக்கு மேலே, மண்ணில்...

டொக்.

ஒரு தட்டு. ஷல்லாஷ் மூச்சைப் பிடித்தான். கல் உருண்டிருக்கும் என்று நினைத்தான்.

டொக். டொக்.

இரண்டு.

உடம்பு தானாகவே கல்லாகிவிட்டது. இருபது வருஷம் அவனே மேலிருந்து தட்டின சைகை. வானத்துண்டு ஒரு கணம் இருண்டது. விசிறியை வீசின மாதிரி காற்று முகத்தில் அடித்தது. புறாவின் தொண்டையில் பாதியில் நின்றுபோன ஒரு சத்தம். கயிறு கனத்தது. அவன் இழுத்தான்... விரல் விரலாக... நின்று... இழுத்து... கையை நீட்டினான். காலைப் பிடித்தான்.

கால் சில்லென்று இருந்தது. பறவை திமிறவில்லை. சிறகைக்கூட விரிக்கவில்லை. எத்தனையோ பறவைகளைப் பிடித்தவன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. உள்ளே இழுத்து மார்பில் வைத்துக்கொண்டான். பெரியது. வெளிறிய தலை. ஒரு விசாவுக்கு இதில் பாதி போதும். கடை நூலைத் தேடிக்கொண்டே மற்றக் கையால் அதன் முகத்தைத் தடவினான்.

கண்கள் ஏற்கெனவே தைக்கப்பட்டிருந்தன.

ஓட்டை வெளிச்சத்துக்கு நேராக அதன் தலையைத் திருப்பிப் பார்த்தான். உச்சியில் முடிச்சு. மஞ்சளும் கறுப்பும் முறுக்கின நூல்.

எழுந்து ஓட வேண்டும் என்று மனசு சொன்னது. மூன்றாவது தட்டு வரவில்லை என்று உடம்பு சொன்னது. சாக்கின் மேல் மெல்ல ஒரு கனம் ஏறியது, யாரோ அலுத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி. கிராம்பு வாசனை வந்தது. அவன் வாயிலிருந்து அல்ல... மேலே இருந்து.

மத்தியானம் வரை வராததால் வத்ஹா தேடி வந்தாள். அவள் கொலுசில்லாத நடை அவனுக்குத் தெரியும்.

"என்னங்க?"

"இங்க" என்றான் குழிக்குள்ளிருந்து.

"வெளிய வாங்க. காவல் வண்டி அந்தப் பக்கம்தான் நிக்குது."

"முடியல."

"அடி பட்டுச்சா?"

"இல்ல. தட்டலையே."

அவள் குனிந்து முள்ளை விலக்கினாள். கையை விட்டுப் பறவையை வாங்கினாள். நூலை அவள் விரலால் தடவிப் பார்ப்பது ஓட்டை வழியாகத் தெரிந்தது.

"இது நான் முறுக்கினது."

அவள் ஓட்டைக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்தாள்.

"அவனை எங்க புதைச்சீங்க?"

அப்போதுதான் சொன்னான். காலையில் கேட்ட தட்டையும், ஏழு வருஷமாகத் தொண்டையில் இருந்ததையும், மல்லாந்து படுத்தபடி, வானத்துண்டைப் பார்த்துச் சொன்னான். அன்றைக்குத் தூரத்தில் ஆயுதக்காரர்களின் மூன்று வண்டிகள் கிளப்பின தூசியைப் பார்த்தேன். நீ கீழே லாரியில் இருந்தாய். மூன்று தட்டியிருந்தால் மிஜ்வல் எழுந்திருப்பான், நாங்கள் இருவரும் ஓடுவதை அவர்கள் பார்த்திருப்பார்கள். இரண்டு மட்டும் தட்டினேன். அசையாமல் கிடக்கட்டும், கண்ணில் பட மாட்டான், சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று தடியை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தேன். சாயங்காலம் நாம் கரையைத் தாண்டினோம். நம் பின்னாலேயே எல்லையை அடைத்துவிட்டார்கள்.

"யாரும் அவனைச் சுடல" என்றாள் வத்ஹா.

"தெரியாது."

"யாரும் அவனைப் புதைக்கவும் இல்ல."

"வத்ஹா... மூணு தட்டு தட்டு. காலையில ரெண்டோட நின்னுடுச்சு. மூணு கேட்டாத்தான் எழுந்திருக்க முடியும். பறவை இருக்கு, வியாழக்கிழமை ரெண்டு பேரும் போயிடலாம்."

"எதால தட்டறது?"

"ஒரு கல்லு எடுத்துக்கோ."

"கல்லு எதுக்கு? உங்க தடி இங்கேயே நட்டிருக்கே. இரும்புப் பூண் போட்டது."

அவன் தடி எதுவும் கொண்டு வரவில்லை. தடியை அவள் மண்ணிலிருந்து பிடுங்கும் சத்தம் கேட்டது. சற்று நேரம் காற்று மட்டும்.

டொக்.

டொக்.

அவன் காத்திருந்தான். அவள் விலக்கின முள்ளைத் திரும்ப இழுத்து ஓட்டையை மூடினாள். வானத்துண்டு போயிற்று. அவள் நடை கல்லின் மேல் விலகி விலகிப் போனது.

பறவையை அவள் அபூ ராக்கான் வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தாள். வியாழக்கிழமை அது போட்டோ ஒட்டிய பாஸ்போர்ட்டோடு எல்லை தாண்டிப் போனது. ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. வத்ஹா போகவில்லை. இன்னும் அந்தப் பண்ணையில்தான் எரு வாருகிறாள்.

வத்ஹா தனியாகத் திரும்பின மறுநாள் விடிந்ததும் பண்ணை ஆட்கள் இரண்டு பேர் குழியைத் தேடிப் போனார்கள். மேலே முள் கலையவில்லை, மண் கலையவில்லை. சுற்றிலும் ஷல்லாஷ் வந்த காலடியையும் வத்ஹாவின் காலடியையும் தவிர வேறு காலடி இல்லை. சாக்கைத் தூக்கினார்கள். ஆள் இல்லை. ஒருவன் படுத்த பள்ளம் மட்டும் இருந்தது. இல்லை... பக்கத்தில் இன்னொரு பள்ளம், அதே நீளத்தில்.

தலைமாட்டில் இரண்டு கிராம்புகள் கிடந்தன. ஒரு பண்ணை ஆள் அவற்றைக் கையில் எடுத்தான்.

இரண்டிலும் எச்சில் ஈரம் காயவில்லை.