மூன்றாம் தடவை கேட்டபோது

ராயபுரம் ரேஷன் கடை வரிசையில் வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்களில் இளையவள் மற்றவளிடம் சாவகாசமாகச் சொன்னாள்:

“நேத்து எம் புருசனுக்கு உசுரு குடுத்துட்டேன்க்கா.”

“இன்னாடி பேசுற? ஹார்பர்ல மூட்டை சரிஞ்சி செத்தவருக்கா?”

“நம்ம குப்பத்துப் பொழப்ப எழுதிக்கினு போவ ஒரு காலேஜ் பொண்ணு வருதே, அதுகிட்டதான். மொத தபா, எப்பிடிச் செத்தாருன்னு கேட்டுது. அழுதுகினே சொன்னேன். மறுவாரமும் அதையே கேட்டுது, சொன்னேன். நேத்தும் வந்து அதையே கேக்குது.”

“போலீஸ்காரன் மாதிரியா?”

“அன்னிக்குச் சொன்னதும் இன்னிக்குச் சொல்றதும் ஒண்ணாக் கீதான்னு பாக்கணுமாம். வாத்தியாரு அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாராம்.”

“நீ இன்னா சொன்ன?”

“வேலைக்குப் போய்க்கீறாருன்னேன்.”

வரிசை ஓரடி நகர்ந்தது. பெரியவள் பையைக் கை மாற்றிக்கொண்டாள்.

“அது நம்பிச்சா?”

“தலையத் தூக்கிக்கூடப் பாக்கலக்கா. எழுதிக்கினே, எப்ப வருவாருன்னு கேட்டுது. சாயங்காலம் ஹார்பர்ல சங்கு ஊதினா வந்துடுவாருன்னேன்.”

இளையவள் காலால் மண்ணைத் தள்ளினாள்.

“அது போயிடுச்சி. நேத்து சங்கு ஊதினப்போ நான் வாசல்ல நின்னுகினு இருந்தேன்க்கா.”