மூன்று மொட்டுகள்

அந்தப் பூவைப் பார்க்கப் பூதக்கண்ணாடி வேண்டும், ஐயா. ஒரு நெல்மணி அளவுகூட வராது. உங்கள் பொலிஸ் ஆட்கள் எடுத்த படத்தில் இலைதான் தெரிகிறது. மிதுஷா, இதையும் அவருக்கு இங்கிலிஷில் சொல்லு பிள்ளை.

மண் வேண்டாத செடி அது. மரப்பட்டைத் துண்டொன்றில் பாசியோடு ஒட்டிக்கொண்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். குழாய்த்தண்ணீர் ஆகாது, காய்ச்சி வடித்த தண்ணீரைத்தான் காலையில் தூவ வேண்டும். அடியில் கரண்டில் சூடாகும் விரிப்பு. குளிர் பட்டால் மொட்டுக் கொட்டிவிடும். எல்லாம் என் மகள் நிலாணி ஒரு தாளில் எழுதி ஒட்டியது. இருபத்தாறு வயதில் புற்றுநோய் அவளைக் கொண்டுபோய்விட்டது. அவள் விட்டுப்போனதில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான். என் கணவர் ஜெயரட்ணமும் இருந்தார், ஆனால் அவரை அவள் வளர்க்கவில்லையே.

அவருக்கு நுரையீரல் பழுது. மூக்கில் குழாய், பக்கத்தில் ஒட்சிசன் மிசின். கரண்ட் போனால் கொடுக்க ஒரு பற்றரி வைத்திருந்தோம்.

நிலாணி போய் ஒரு வருடம் நிறைகிற ஆட்டைத் திவசத்துக்கு மூன்று நாள் இருக்க, விழுந்த இடமெல்லாம் ஐஸாகிற உறைமழை கொட்டியது. காலை பத்து மணிக்கு ஸ்காபரோ முழுக்கக் கரண்ட் இல்லை. செடியில் மூன்று மொட்டு, அவள் போன பிறகு முதல்முறை. அதில் ஒன்றையாவது திவசத்தன்று அவள் படத்துக்கு வைக்க வேண்டும். அந்த வருடம் முழுக்க எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

பற்றரியைச் செடிப் பெட்டியின் விரிப்புக்குப் பொருத்தினேன்.

"இஞ்சாரும், பற்றரியைக் கொழுவும்," என்றார் அறைக்குள்ளிருந்து.

"அதிலை சார்ஜ் இல்லையப்பா. அம்புலன்சுக்கு போன் அடிச்சிட்டன், வருகினம்."

அடிக்கவில்லை.

"றோட்டு வழுக்கும், அவங்களும் மெல்லத்தானே வரவேணும். நீர் பயப்பிடாதையும்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுசன். நானும் விடாமல் பிடித்திருந்தேன். ஒரு மணியளவில் அவர் பிடி தளர்ந்தது. நான் அழுதது பொய்யில்லை, ஐயா. நெஞ்சு வெடிக்க அழுதேன். பிறகு எழும்பிப்போய்ப் பார்த்தேன், பெட்டிக்குள் இருபத்திரண்டு பாகை இருந்தது. பின்னேரம் கரண்ட் வந்தது.

திவசத்தன்று காலை ஒரு மொட்டு விரிந்தது. கோயில் ஐயருக்கு போன் எடுத்தேன்.

"செத்த துடக்கு வீட்டிலை திவசம் செய்யக்கூடாதம்மா. அவற்றை முப்பத்தொண்டாம் நாள் முடியட்டும்," என்றார்.

தீட்டுப்பட்ட துடக்குக் கையால் அவள் படத்துக்கு எப்படிப் பூ வைப்பது? ஐந்து நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாடி விழுந்தது. மற்ற இரண்டும் விரிந்து, அவையும் விழுந்தன.

வருத்தப்படுகிறீர்களா என்று கேட்கிறீர்கள். பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த அவசரத்தில் துடக்கு என் நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால் பற்றரியை அவருக்கே கொடுத்திருப்பேன்.