முப்பத்தொரு தாத்தாவும் ஒரே கூரையும்

...இல்லைங்க, மேடம் கூப்பிடற வரைக்கும் கேளுங்க, வாழ்க்கையோட பொருள் என்னன்னு ஒரு கேள்வி, அதுக்கு ரெண்டு மார்க்கு! ரெண்டு மார்க்குக்கு எவ்வளவு பொருள் சொல்றது, நீங்களே சொல்லுங்க. பஸ்ல நின்னுக்கிட்டே ஒரு பையன் போன்ல அனுப்புவான், அறம்னா என்ன மிஸ், நான் இறங்கறதுக்குள்ள வேணும்னு. அவன் பாட்டுக்கு இறங்கிப் போயிடுவான். நான் உக்காந்து அறத்தோட மல்லுக்கட்டணும்.

டியூஷன் சென்டர்ல இலக்கியம், தத்துவம், வரலாறு, சமூகவியல், நாலும் என் தலையிலதான். கணக்கு மிஸ்ஸுக்கு என்ன, ஒரு விடை, போட்டாச்சு, டீ குடிக்கப் போயாச்சு. என்கிட்ட, கவிஞர் ஏன் அழுதார்னு கேப்பான். எனக்கென்னங்க தெரியும், பக்கத்துலயா இருந்தேன்?

சரி, விஷயத்துக்கு வரேன். இந்த ஸ்கூல்ல ஒன்பதாவதுக்கு ஒரு வேலை குடுத்தாங்கல்ல, வீட்டுப் பெரியவர்கிட்ட பேசி, அவர் பார்த்த சம்பவம் ஒண்ணை எழுதுன்னு... ஆமா, உங்க பையனும் ஒன்பதாவதுதானே. மாதிரிக்கு ஒண்ணு அனுப்புங்க மிஸ்னு எங்க சென்டர் பிள்ளைங்க உயிரை எடுத்துட்டாங்க. அவசரத்துல எங்க அப்பா கதையையே எழுதி அனுப்பிட்டேன். அவர் தையல்காரருங்க. வெள்ளம் வந்தப்போ மெஷினைத் தூக்கிட்டு கூரை மேல ஏறி ரெண்டு நாள் உக்காந்திருந்தாரு. கீழ, இது மாதிரிக்குத்தான், உங்க தாத்தாவைக் கேட்டு எழுதுங்கன்னு கூடப் போட்டேன். கேட்டாங்களா? முப்பத்தொரு பேரு! முப்பத்தொரு தாத்தாவும் தையல் மெஷினோட ஒரே கூரை மேல... தாங்குமாங்க அது? ஒருத்தன் அந்த 'மாதிரிக்குத்தான்'கிற வரியையும் சேர்த்து எழுதியிருக்கான், புண்ணியவான்.

எல்லாருக்கும் பூஜ்யம். யாரையும் பரீட்சை எழுத விடமாட்டாங்களாம். நல்லா வேணும்னு சிரிச்சேங்க. சிரிச்சு முடிக்கல, என் பொண்ணு வந்து நிக்கறா. அவளும் அதே கிளாஸ்தான். ஆனா சென்டர் பக்கமே வரமாட்டா, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கமாட்டா, அவ்வளவு வீம்பு. மூணு நாளா தாத்தாகிட்ட கேட்டுக் கேட்டு அவளே எழுதியிருக்கா. அதே மெஷின், அதே கூரை. காப்பியடிச்சதுல முப்பத்திரண்டாவது ஆளுன்னு அவளையும் சேர்த்துட்டாங்க. டீச்சர்கிட்ட எடுத்துச் சொல்லேன்டின்னேன்.

"நீ அனுப்பினதுன்னு நான் சொல்லமாட்டேம்மா. நீயே போய்ச் சொல்லு"ன்னுட்டா.

சொன்னா என் வேலை போச்சு. சென்டர் பேரு வெளிய வரவே கூடாதுன்னுட்டாரு முதலாளி. சொல்லலைன்னா என் பொண்ணு திருடி. அதான் உங்களைப் பார்த்ததும், சரி, ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம் ரூமுக்குள்ள போக துணைக்கு ஒரு ஆளாச்சேன்னு... என்னது, உங்க பையன் சொந்தமா எழுதினானா? அவன் தாத்தா என்னங்க பண்ணாரு? கப்பல்லயா வேலை? அப்போ அவரு எப்படிங்க தையல் மெஷினோட கூரை மேல ஏறினாரு? உங்க பையன் எங்க சென்டர்தாங்க... அட, எந்திரிச்சிட்டீங்க? மேடத்தைப் பார்க்க வேண்டாமா? சரி, போங்க, போங்க.

ம்... கூப்பிடறாங்க. வரேன் மேடம். இல்ல மேடம், நின்னுக்கிட்டே சொல்லிடறேன், உக்காந்தா வாய் வராது. முப்பத்தொண்ணு நான் எழுதினது. அந்த முப்பத்திரண்டாவது மட்டும்தான் என் பொண்ணு எழுதினது.