அரை நாள் மூப்பு

எனக்குச் சட்டென்று பேச வராது, சார். பி.எஸ்ஸி. விலங்கியல் வாய்மொழித் தேர்வில்கூடத் தெரிந்த பதிலைச் சொல்லாமல் நின்றிருக்கிறேன்.

ராசப்பன் அண்ணனும் நானும் 1989இல் ஒரே நாளில் கிராமத் தபால்காரர்களாகச் சேர்ந்தோம். பொள்ளாச்சி ஆபீஸ் வாசலுக்கு முதலில் வந்தவள் நான்.

"உள்ள போங்க அம்மணி."

"நீங்க போங்ணா."

மரியாதைக்குச் சொன்னேன். அவர் போய்க் கையெழுத்துப் போட்டார். உடனே அதிகாரி சாப்பிடக் கிளம்பிவிட்டார். அண்ணன் முற்பகலில் சேர்ந்ததாகவும் நான் பிற்பகலில் சேர்ந்ததாகவும் பதிவானது.

இந்த வருஷம் டவுனில் நிரந்தரத் தபால்காரர் வேலை ஒன்று காலியானது. சீனியாரிட்டிப்படி அண்ணனுக்குத்தான் என்றார்கள். மனு கொடுத்துப் பார்த்தேன். அரை நாள் மூப்பும் மூப்புதான் என்று பதில் வந்தது. அடுத்த இடம் காலியாவதற்குள் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

"அடுத்த வாட்டி முந்திக்குங்க கண்ணு" என்று அண்ணன் சிரித்தார்.

போன மாதம் இருவரும் தபால் பையோடு தென்னந்தோப்பு வழியாக வந்தோம். சைக்கிளை நிறுத்தி ஒதுங்கிய இடத்தில் நல்ல பாம்பு அவர் கணுக்காலில் கடித்தது. நடந்தால் விஷம் சீக்கிரம் ஏறும், உட்காருங்கள் என்றேன். சரியான அறிவுரைதான்.

"யாரையாச்சும் வெரசாக் கூட்டிட்டு வா கண்ணு."

அடுத்த தோட்டம் சுந்தரராஜுலு அவர்களுடையது. வாசலில் அவருடைய அம்பாசிடர் கார் நின்றது. அவருக்கு வந்த ரிஜிஸ்டர் தபாலைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன்.

"ஏனுங்க அம்மணி, இப்பிடி வேர்த்துக் கொட்டுது? மோர் குடிச்சுப்போட்டுப் போங்க."

குடித்தேன். இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தேன். வழியில் ஏதும் நடந்ததா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பிறகு என் ஊர்த் தபால் முழுவதையும் கொடுத்து முடித்தேன். பாதியில் விட விதி இல்லை. நல்ல பாம்பு கடித்தால் முதலில் இமை தாழும். பிறகு நாக்கு தடிக்கும். சத்தம் போட்டுக் கூப்பிட முடியாது. கடைசியில் மூச்சு நிற்கும். வீடு வீடாகப் போகும்போது ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டேன்.

வெயில் தாழத் திரும்பினேன். உட்காரச் சொன்ன இடத்திலேயே அண்ணன் செத்துக் கிடந்தார்.

பாம்பு கடித்ததைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை என்று சுந்தரராஜுலு உங்களிடம் சொன்னது உண்மைதான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். திங்கட்கிழமை டவுனில் சேர எனக்கு உத்தரவு வந்திருக்கிறது. முதல் நாள், புது ஆட்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது, சார். அண்ணன் இருந்திருந்தால் கூடவே வந்து விட்டுவிட்டுப் போயிருப்பார்.