ஏழாவது முகம்

கதவு இறங்கிப்போனால்தான் மேலகரத்தில் என்னைத் தேடுவார்கள், ஐயா. அதில் எனக்குக் குறையில்லை. தச்சனிடம் வேறு எதற்கு வருவார்கள்? வீட்டுக்காரி போய் ஒன்பது வருஷம். காலையில் சிவன் பெயரைச் சொல்லி எழுந்தால், சில நாள் மறுநாள் காலையில்தான் மறுபடி வாய் திறப்பேன்.

முப்பத்தாறாம் வருஷம் எங்கள் ஊர்ச் சடுகுடுக் குழு திருநெல்வேலியில் கோப்பை வாங்கியது. பண்ணையார் முத்துக்குமாரசாமி, ஆட்டக்காரர் ஏழு பேரையும் ஒரே தேக்குப் பலகையில் செதுக்கச் சொன்னார். முகம் பார்த்துச் செதுக்க வேண்டுமே, அதனால் ஒவ்வொருவராக என் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஆறு பேர் இரண்டு மூன்று நாளோடு நின்றுவிட்டார்கள். தலைவன் குற்றாலிங்கம் மட்டும் தன் முகம் முடிந்த பிறகும் வந்துகொண்டிருந்தான்.

“ஆசாரியாரே, எம்மூக்கு இம்புட்டுப் பெருசா?”

“கொறச்சுத்தான் வச்சிருக்கேன், தம்பி.”

“அப்பம் பொண்ணு வீட்டுக்காரங்க வந்தா இந்தப் பலகையக் காட்டிருவோம். நான் உள்ள இருந்துக்கிடுதேன்.”

அவன் அம்மா வடிவம்மாள் கொடுத்த பனங்கிழங்கோ பணியாரமோ கையில் இருக்கும். “சாப்பிட்டீரா?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நிற்பான். கேட்பவர்கள் உண்டு, ஐயா. நிற்பவர்கள் குறைவு.

எட்டு மாதம் அவனைப் பார்த்தேன். எங்கே குதித்தாலும் இடது கால்தான் முதலில் தரையில் படும். ஒரு நாளும் மாறியதில்லை.

கண் திறப்பது எங்கள் தொழிலில் கடைசி வேலை. திறந்துவிட்டால் உருவம் பட்டறையில் தங்கக்கூடாது. அதனால் நாள் சரியில்லை என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஆடி மாதம் அவன் வந்து சொன்னான்:

“போலீசுல எடுத்துட்டாவ. அடுத்த வெள்ளிக்கிழமை வேலூருக்குப் பொறப்படுதேன். கண்ணத் தெறந்திரும், நாளு பாத்துக்கிட்டே இருக்காதயும்.”

சந்தோஷம் என்றேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

சாரல் காலத்தில் குழு முழுவதும் விடியற்காலையில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகும். அருவிக்குக் கீழே ஒரு பாறைச் சரிவு. மற்றவர்கள் சுற்றிப் போவார்கள், அவன் மட்டும் குதித்து இறங்குவான். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் ஊர் அது. பாறையில் எண்ணெய் இருந்தால் யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. கால் முறிந்தால் மூன்று மாதம் என்பார்கள். மூன்று மாதம் வீட்டுக்குள் கிடக்க அவனால் ஆகாது, என் பட்டறையோ அவன் வீட்டுக்கு அடுத்த தெரு. நான் நினைத்தது அவ்வளவுதான்.

அவன் குதித்த அன்று எலும்பு வெளியே வந்துவிட்டது. புண் புரையோடியதும் இடது காலை முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். அவன் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே கண்ணைத் திறந்து பலகையை அனுப்பிவிட்டேன். இனி தள்ளிப்போட அவசியம் இருக்கவில்லை.

விழுந்த மறுநாளே, கக்கத்தில் வைத்து நடக்க, எண்ணெய் ஏற்றிய ஓர் ஊன்றுகட்டை கொண்டுபோய்க் கொடுத்தேன். “கூடப்பொறந்தவன் மாதிரி வந்து நிக்கியளே” என்று வடிவம்மாள் அழுதாள். பிறகு நான்கு மாதம் அவன் அந்தக் கட்டையை ஊன்றிக்கொண்டு தினமும் வந்தான். காலையில் வந்தால் வெயில் சாயும்வரை இருப்பான். என் வாழ்நாளில் அப்படிப்பட்ட நான்கு மாதம் வேறில்லை.

போன மாதம் ஒரு தொட்டில் செய்து எண்ணெய் ஏற்றிக் காயவைத்திருந்தேன். அவன் தொட்டுப் பார்த்தான்.

“இது எப்பம் காயும், ஆசாரியாரே?”

“நாலு நாளாவது ஆவும்.”

தன் ஊன்றுகட்டையைத் தடவினான். “நான் விழுந்தது புதன். நீரு கட்டயக் கொண்டாந்தது வியாழன். கையில ஒட்டவே இல்லயே.”

காயாத சாமானை ஒருவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது, ஐயா. அதைத்தான் அவனிடம் சொன்னேன்.

அவன் எழுந்து, கட்டையை இடுக்கிக்கொண்டான். “அம்மைக்கு இது தெரியாண்டாம். தாங்க மாட்டா” என்றான். அதன் பிறகு வரவில்லை. வடிவம்மாள் இன்றைக்கும் பணியாரம் கொடுத்தனுப்பினாள், வேறு ஆள் கையில். அவன் யாரிடமும் சொல்லவில்லை என்று அதிலிருந்தே தெரிகிறது. சொல்லவும் மாட்டான், அவ்வளவு நல்ல பிள்ளை.

அதனால் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். எண்ணெய் ஊற்றியது நான்தான். இடது கால் படும் இடத்தில் மட்டும், ஒரு கை அகலத்துக்கு. வேறு யாருக்கும் அடிபடக்கூடாது என்று கவனமாகத்தான் ஊற்றினேன்.

வழக்கு தென்காசியில்தானே நடக்கும், ஐயா? சாட்சி சொல்ல அவன் வந்துதானே ஆகவேண்டும்?