ஒரே பெட்டியில் வந்த இரண்டு

ஹார்ட் டிஸ்க் வாங்குவதென்றால் ஒரே பெட்டியில் வந்த இரண்டை வாங்கக் கூடாது. சேர்ந்து பிறந்தவை சேர்ந்தே மண்டையைப் போடும். எங்கள் வீட்டில் மட்டும் அப்படி நடக்கவில்லை. நாங்கள் இரட்டையர். பெரியவன் பைக் விபத்தில் போய்ச் சேர்ந்தான், நான் இருக்கிறேன்.

வீட்டு வீடியோக்களைக் காப்பது என் பொறுப்பு. இரண்டு டிஸ்க், வெவ்வேறு கடையில் வாங்கியவை. ஒன்றில் ஏற்றுவது மற்றதிலும் தானாக ஏறும்.

"ஒண்ணுக்கே சோறு போட முடியல, இதுல ஜோடி வேறயா?" என்றார் அப்பா.

வீடே தீப்பிடித்தால்? அதற்காக இன்னொரு டிஸ்க்கில் பேக்கப் எடுத்துச் சித்தி வீட்டில் வைத்தேன். அவ்வப்போது தூசி தட்டுவேன், சூடு பார்ப்பேன், பிழை தேடுவேன். பொறுப்பான பிள்ளை என்றார்கள்.

அம்மா பொழுதுக்கும் டிவியில் பெரியவனைப் போட்டுப் பார்ப்பாள். அவன் மூக்கால் சிரிப்பான். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டுடன் குறுக்கே நின்றேன்.

"தள்ளி நில்லுடா, அவன் மறையுறான்."

அதே முகம்தான். இருந்தாலும் தள்ளி நின்றேன்.

பிறகு நான் செய்தது நியாயமானது. அவன் இருந்த வீடியோக்களை ஒரு டிஸ்க்கில் அழித்தேன்; மற்றதிலும் தானாக அழிந்தன. ஜோடி இருந்தால் பத்திரம் என்று நம்புகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. சித்தி வீட்டுக்கும் போனேன்.

"எடுத்துட்டுப் போடா சாமி, மிக்சி வைக்க இடமில்ல" என்றாள் சித்தி.

அம்மாவிடம் டிஸ்க் பழுது என்றேன்.

"ரெண்டு வீட்டுல வச்சிருக்கேன்னியேடா?"

"எல்லாம் போச்சும்மா."

அவள் அழவில்லை. அணைந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் குரல் மறந்துடுமேடா" என்றாள்.

சித்தி வீட்டு டிஸ்க்கை நான் அழிக்கவில்லை. என் அலமாரியில் ஆரோக்கியமாக இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போனில் கேட்டுப் பழகினேன். வகிடு மாற்றுவது சுலபம். மூக்கால் சிரிப்பதுதான் கொஞ்சம் பிடிபடவில்லை.

இன்று அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவன் குரலில், "அம்மா, பசிக்குது" என்றேன். அவள் வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாள்.

"கை கழுவிட்டு வாடா பெரியவனே."

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். சின்னவன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அசல் போனால் அந்த இடத்தில் பேக்கப்பைத்தான் போடுவார்கள். அதற்காகத்தானே அதை வைத்திருக்கிறோம்.