இன்னும் இறங்கலையா?

தேனியிலிருந்து கம்பம் போகும் பேருந்தில், என் முன்சீட்டில் ஐம்பதைத் தாண்டிய ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவர்கள் காலடியில் ஒரு நாய்க்குட்டி படுத்திருந்தது.

“ஆறு மாசமாச்சு, இன்னும் ஒண்ணு இறங்கலையே” என்றார் அந்த அம்மாள்.

“யாரு இறங்கலக்கா? வீரபாண்டி தாண்டியாச்சே!” என்றார் கண்டக்டர்.

“நாய்க்கு விதை இறங்கலைன்னு பேசுறோம்ப்பா. நீ டிக்கெட்டப் போடு.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மாள் கணவர் பக்கம் திரும்பினார்.

“உள்ளயே கெடந்தா பின்னாடி கட்டியாகும்னு தேனி மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்னாகல்ல. அறுத்து எடுக்க இன்னைக்கே விட்டுட்டுப் போகச் சொன்னாக. நீகதேன் திருப்பிக் கூட்டியாந்துட்டீக.”

“வயித்தக் கிழிக்கணுமாம் புள்ள. மார்கழியில கத்தி வைக்க வேணாம். தை பொறக்கட்டும்.”

“முன்ன வளத்த நாய் மணிக்கும் இதத்தேன் சொன்னீக. எத்தன தை போச்சு? கடைசில கட்டி பெருத்து, எந்திரிக்க முடியாம கெடந்துச்சு.”

அவர் குனிந்து குட்டியின் முதுகைத் தடவினார்.

“அதுக்குக் குழி வெட்டுனது நாந்தேன். இன்னொண்ணு வெட்ட என்னால ஆகாது.”

“அதுக்குத்தேன் சொல்லுறேன்.”

சின்னமனூரில் பேருந்து நின்றது. அவர் குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து கண்டக்டரிடம் கேட்டார்.

“தம்பி, தேனிக்குத் திரும்புற பஸ் எங்கன நிக்கும்?”